ஒழுங்கையின் ஐந்து வீடுகள்: 'ரிப்ளை 1988' தொடரை அம்மாவுடன் இரண்டாம் முறை பார்த்தபோது

தென்கொரியாவின் டிவிஎன் அலைவரிசையில் 2015 நவம்பர் தொடக்கம் 2016 ஜனவரி வரை ஒளிபரப்பான 'ரிப்ளை 1988' தொடரை முதன்முறை பார்ப்பவர்கள், அதன் இருபது பகுதிகளையும் ஒரேயொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறார்கள்: நாயகி தொக்-சன் கடைசியில் யாரை மணமுடித்தாள்? நானும் 2021 ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில் அப்படித்தான் பார்த்தேன். விடை தெரிந்த மறுநாளே தொடரை மறந்துவிடுவேன் என்றும் நினைத்தேன். இவ்வாண்டு அம்மாவுக்காக அதை மீண்டும் தொடக்கத்திலிருந்து போட்டபோது, கணவன் யார் என்ற கேள்வி ஓரத்துக்குப் போய்விட்டது. அந்த ஒழுங்கையில் வாழும் ஐந்து குடும்பங்களின் பழைய கதைகள், முதல் முறை என் கண்ணில் படாமலே போன சிறு சிறு காட்சிகளில், எவ்வளவு கவனமாக வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை இப்போதுதான் கண்டேன். கணவன் யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. மற்ற முடிச்சுகள் சிலவற்றை அவிழ்க்காமல் இந்த விமர்சனத்தை எழுத முடியாது.

இயக்குநர் ஷின் வொன்-ஹோவும் எழுத்தாளர் லீ வூ-ஜங்கும் சேர்ந்து உருவாக்கிய 'ரிப்ளை' வரிசையில் இது மூன்றாவது தொடர். சியோல் நகரின் வடபுறத்தில் உள்ள சாங்முன்-டாங் என்னும் பகுதியில், ஒரே ஒழுங்கையில் ஒன்றாக வளர்ந்த ஐந்து பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும்தான் கதை மாந்தர். நாங்கள் இதைச் சந்தா கட்டிப் பார்க்கும் ஓர் இணையச் சேவையில், திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு நாளைக்கு அரைப் பகுதி என்ற கணக்கில் பார்த்தோம். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆகவே கீழே ஓடும் ஆங்கில வரிகளை நான் தமிழில் வாய்விட்டுச் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டே பார்த்தார். ஒவ்வொரு வரியையும் இன்னொருவருக்காகச் சொல்லவேண்டி இருந்ததால், முதல் முறை அவசரத்தில் தாண்டிச் சென்ற பேச்சுகள் எல்லாம் இம்முறை என்னிடம் நின்றுவிட்டன.

முதற் பகுதியில் வரும் கோப்பைக் காட்சியிலேயே அம்மா தொடருக்குள் புகுந்துவிட்டார். அந்தி நேரம், ஒவ்வொரு வீட்டுத் தாயும் தான் சமைத்ததில் ஒரு கோப்பையைப் பிள்ளையிடம் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறாள், அந்த வீடு வெறுங்கோப்பையைத் திருப்பாமல் தன்னுடையதில் ஒன்றை வைத்து அனுப்புகிறது, பிள்ளைகள் ஒழுங்கையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து களைத்து முடியும்போது, எல்லா வீட்டு மேசையிலும் ஏறக்குறைய ஒரே கறிகள் இருக்கின்றன. கதை நடக்கும் 1988 ஆம் ஆண்டில் நாங்கள் திருக்கடலூர்ப் பக்கம் இருந்தோம், எனக்கு ஒன்பது வயது. நோன்புக் காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சிப் பாத்திரம் வரும். அதைக் கழுவி வெறுமையாகக் கொடுத்தனுப்ப அம்மா ஒரு நாளும் விட்டதில்லை. அந்தக் காட்சியை வேடிக்கைக் காட்சி என்றுதான் முன்பு எண்ணியிருந்தேன். இப்போது பார்த்தால், எந்த வீட்டில் என்ன இருக்கிறது, எந்த வீட்டில் சமைக்க ஆளில்லை, எந்த வீடு அளவுக்கு மீறிச் சமைக்கிறது என்ற கணக்கு முழுவதையும் இயக்குநர் அந்தச் சில நிமிடங்களிலேயே கொடுத்துவிடுகிறார்.

தொக்-சன்னின் தந்தை சங் டாங்-இல் வங்கி ஊழியர். வங்கியில் வேலை பார்ப்பவர் ஏன் இன்னொருவர் வீட்டின் நிலவறையில் வாடகைக்கு இருக்கவேண்டும் என்ற கேள்விக்குத் தொடர் நேரான விடை தருகிறது: நண்பர் ஒருவருக்குப் பிணை நின்றார், நண்பர் கட்டாத கடன் இவர் தலையில் விழுந்தது, சம்பளத்தின் பெரும்பங்கு ஆண்டுக்கணக்காக அதற்கே போகிறது. இதைக் கேட்டதும் அம்மா, "ஆருக்குப் பிணை நிண்டவராம், பிள்ளை? சொந்தக்காரரோ?" என்று கேட்டார். நண்பன் என்றேன். எங்கள் வீட்டிலும் ஒரு பிணைக் கதை உண்டு என்பதால் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இந்த மனிதரைத் தொடர் ஏமாளியாகக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வதில்லை. வீடு திரும்பும் வழியில் கிழவி ஒருத்தி எதையாவது விற்றுக்கொண்டிருந்தால், தேவை இருக்கிறதோ இல்லையோ, வாங்கிக்கொண்டு வந்து மனைவியிடம் ஏச்சு வாங்குகிறார் அவர். முதல் முறை பார்க்கும்போது பிணை வேறு, இந்தத் தெருவோரக் கொள்வனவு வேறு என்று தோன்றும். இரண்டும் ஒரே குணத்திலிருந்து வருகின்றன என்பதும், அந்தக் குணத்துக்கு விலை கட்டுகிறவர்கள் மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்பதும் மறுபடி பார்க்கும்போதுதான் ஒட்டிக்கொள்கின்றன.

அந்த நிலவறை வீட்டுக்கும் ஒரு பின்கதை உண்டு. வடகொரியாவின் தாக்குதலுக்கு அஞ்சி, 1970 ஆம் ஆண்டில் தென்கொரியாவின் கட்டடச் சட்டத்தில் செய்த திருத்தம், புதிய கட்டடங்களில் பதுங்கிடமாக நிலவறை அமைக்கச் சொன்னது. நகரத்தில் இடநெருக்கடி ஏறியபோது அவையே ஏழைகளின் வாடகை வீடுகளாயின. தொடர் இதை விளக்குவதில்லை, கொரியப் பார்வையாளருக்கு விளக்கவேண்டிய தேவையும் இல்லை. வளவில் பங்கர் வெட்டி, குண்டுச் சத்தம் கேட்டதும் அதற்குள் இறங்கி வளர்ந்த எனக்கு, பதுங்குவதற்கென்று தோண்டிய இடத்தில் ஒரு குடும்பம் சமைத்து, படித்து, சண்டை பிடித்து, பிறந்தநாள் கொண்டாடுகிறது என்பது இம்முறை மிகவும் உறைத்தது. அக்காலத்துக் கொரிய வீடுகளில் குளிருக்கு நிலக்கரிக் கட்டிகளை எரித்துத் தரையைச் சூடாக்குவார்கள்; தரை வெடித்திருந்தால் நச்சுப் புகை அறைக்குள் கசியும். ஓர் இரவில் அப்படிப் புகை கசிகிறது. தந்தை மூத்தவள் போராவை இழுத்துக்கொண்டு வெளியே ஓடுகிறார், தாய் கடைசி மகன் நோ-உல்லைத் தூக்குகிறாள், நடுப்பிள்ளை தொக்-சன் தானாகவே தவழ்ந்து வெளியே வருகிறாள்.

அந்தத் தவழல் சிரிப்புக்காக எடுக்கப்பட்ட காட்சி. ஆயினும் தொக்-சன் என்ற பாத்திரத்தின் முழு வரலாறும் அதில் இருக்கிறது. அக்காவுக்கும் தம்பிக்கும் அழகான பெயர்கள், இவளுக்குப் பழங்காலத்துப் பெயர். முட்டைப்பொரியல் இரண்டு இருந்தால் அது அவர்கள் இருவருக்கும், கோழிக்கால் இரண்டு இருந்தால் அதுவும் அவர்களுக்கு. அக்காவின் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் கழித்து இவளுடைய பிறந்தநாள் வருவதால், ஆண்டுதோறும் ஒரே கேக்கில் இரண்டையும் முடித்துவிடுகிறார்கள். சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மடகாஸ்கர் நாட்டின் பெயர்ப்பலகையைத் தாங்கி நடப்பதற்காகப் பல மாதம் பயிற்சி எடுத்தவளுக்கு, அந்த நாடு போட்டியைப் புறக்கணித்ததும் அதுவும் இல்லாமற் போகிறது. கடைசியில் உகண்டாவின் பலகை கிடைக்கிறது. மடகாஸ்கர் 1988 இல் விலகியது உண்மையான வரலாறு. அந்த உண்மையை ஒரு நடுப்பிள்ளையின் வாழ்க்கையோடு முடிந்த விதம் எழுத்தாளரின் திறமைக்கு நல்ல சான்று. பிறந்தநாள் அன்று அவள் வெடித்து அழுத பின், தந்தை தனியாக ஒரு கேக் வாங்கி வந்து, தானும் பிறக்கும்போதே தந்தையாகப் பிறக்கவில்லை, தந்தையாக இருப்பது தனக்கும் இதுவே முதல் தடவை என்ற பொருளில் மன்னிப்புக் கேட்கிறார். நான் இதைத் தமிழில் சொல்லி முடித்தபோது அம்மா திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நானும் எங்கள் வீட்டின் நடுப்பிள்ளை.

தந்தையின் பின்கதை இரண்டாம் பகுதியில் இன்னும் ஆழமாகத் திறக்கிறது. பாட்டி இறந்துபோகிறார்; தொக்-சன் அழுதுகொண்டே ஊருக்குப் போனால், அங்கே தந்தையும் அவருடைய உடன்பிறப்புகளும் வந்தவர்களோடு குடித்து, சிரித்து, சீட்டாடிக்கொண்டு இருக்கிறார்கள். தாயைப் பறிகொடுத்தவர்கள் இப்படியும் இருப்பார்களா என்று அவளுக்கு வெறுப்பாக இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து மூத்த அண்ணன் வந்து வாசலில் காலை வைத்ததும் எல்லோரும் ஒன்றாக உடைந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறுகிறார்கள். செத்தவீட்டில் இரவு முழுவதும் விழித்திருப்பதற்காகச் சீட்டுக்கட்டு இறங்குவதும், தேநீர் வந்துகொண்டே இருப்பதும், வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பிள்ளைக்காக உடலை வைத்துக் காத்திருப்பதும், அந்தப் பிள்ளை வாசலுக்கு வந்ததும் அடங்கியிருந்த வீடு மறுபடி ஓலமிடுவதும் நாங்கள் அறியாதவை அல்ல. ஆகவே இந்தப் பகுதிக்கு நான் மொழிபெயர்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. இதற்குப் பின் வரும் பதினெட்டுப் பகுதிகளிலும் டாங்-இல் கத்தும்போதும் குடித்துவிட்டு வரும்போதும், தாய்க்கு மகனாக இருந்த அந்த மனிதர் கூடவே தெரிகிறார்.

மூத்த மகள் போரா சியோல் தேசியப் பல்கலைக்கழக மாணவி, வீட்டிலே யாருக்கும் அடங்காதவள், அரசுக்கு எதிரான மாணவர் போராட்டங்களில் முன்னிற்பவள். இராணுவ ஆட்சிக்கு எதிரான 1987 ஜூன் எழுச்சிக்குப் பின்னும் அங்கே போராட்டங்கள் ஓயவில்லை என்பதை அறிந்தால் அவளுடைய பிடிவாதம் விளங்கும். பொலிசார் ஒழுங்கைக்குள் அவளைப் பிடிக்க வரும் காட்சியில், மழையில் நனைந்தபடி தாய் இல்-ஹ்வா அவர்களை மறித்து, தன் மகள் எப்படிப்பட்ட நல்ல பிள்ளை என்று சொல்லிச் சொல்லிக் கெஞ்சுகிறாள். அவளுடைய கால்விரலில் இரத்தம் வடிகிறது. எவருக்கும் பணியாத போரா அந்தக் காலைக் கண்டதும் பணிகிறாள். கமரா அந்த விரலில் ஒரு கணம்தான் தங்குகிறது. 1988 இலும் அதற்குப் பின்னும் திருகோணமலையில் எத்தனையோ தாய்மார் முகாம் வாசல்களில் இதே பேச்சைப் பேசினார்கள். அம்மா அன்றிரவு அத்தோடு பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். இவ்வளவு வலிமையான காட்சியைக் கொண்ட தாய்க்குத் தொடர் ஓர் அநியாயத்தையும் செய்திருக்கிறது. டாங்-இல்லின் தாய், அண்ணன், ஊர், கடன் எல்லாம் நமக்குத் தெரிகின்றன. இல்-ஹ்வாவின் பிறந்தகத்துக்கு அந்த அளவு இடம் இல்லை. கணவரின் பிணைக் கடனை வீட்டுக்குள் தாங்கியவள் அவள்தான் என்னும்போது இது பெரிய குறை.

மேல்வீட்டு மி-ரான் பாத்திரத்தை முதல் முறை நான் நகைச்சுவைக்கென்று வைத்தவள் என எண்ணியிருந்தேன். சிறுத்தைத் தோல் அச்சுச் சட்டை, உரத்த குரல், பத்துப் பேருக்குக் காணும் அளவுக்குச் சமையல். ஆனால் அந்தக் குடும்பம் பிறவிப் பணக்காரர் அல்ல. மூத்த மகன் ஜங்-போங் எதையாவது சேர்த்துவைக்கும் பழக்கம் உள்ளவன். அப்படி வாங்கிய ஒலிம்பிக் லொத்தரில் முதற்பரிசு விழுந்துதான் அவர்கள் அந்த வீட்டுக்காரர் ஆனார்கள். வறுமையை அறிந்தவள் சோற்றுப்பானையைப் பெரிதாக வைக்கிறாள் என்று பார்த்தால், அவள் தட்டுத் தட்டாகக் கீழ்வீட்டுக்கு அனுப்புவதன் பொருள் மாறிவிடுகிறது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்கும் ஜங்-போங்கை அவள் ஏசுவாளே தவிர விரட்டமாட்டாள். காரணம் அவனுக்குப் பிறவியிலேயே இதய நோய். இளையவன் ஜங்-ஹுவான் வாய் திறக்காத பிள்ளையாக வளர்ந்ததும், நோயாளி அண்ணன் இருக்கும் வீட்டில் தன் தேவைகளைச் சொல்லாமல் விழுங்கக் கற்றுக்கொண்டதால்தான். அவன் காதலிலும் அப்படியே விழுங்கிவிடுகிறான் என்பதை முதல் தடவை பார்த்தபோது கோழைத்தனம் என்று நான் திட்டியிருக்கிறேன். இப்போது திட்ட முடியவில்லை.

இந்த வீட்டுக்கதையில் ஒரு சிறு காட்சிக்காக மட்டுமே தொடரை மறுபடி பார்க்கலாம். கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளை வாசித்துச் சொல்லும்படி ஜங்-ஹுவான் தாயிடம் கேட்கிறான். ஒழுங்கை முழுவதும் கேட்கப் பேசுகிற மி-ரான் மௌனமாகிறாள். பிறகு, தனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்பதை மகனிடம் மெல்லச் சொல்கிறாள். அந்த வரியும் ஆங்கிலத்தில்தான் திரையில் ஓடியது. அதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லவேண்டி இருந்தது, சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "இவ நல்லா நடிக்கிறா" என்றார்.

ஐந்து பிள்ளைகளில் இன்னொருவனான சன்-வூவின் தாய் சன்-யங் இளம் விதவை. மாமியார் வந்து கணவனை விழுங்கியவள் என்ற தோரணையில் குத்திப் பேசுவதையும், தன் சொந்தத் தாய் வரும் செய்தி கேட்டதும் இல்லாமையை மறைக்க அயல்வீட்டுப் பொருட்களை இரவல் வாங்கி வீட்டை நிரப்புவதையும், அப்படியும் எல்லாவற்றையும் கண்டுகொண்ட தாய் காசு உறையொன்றைக் கடிதத்தோடு விட்டுச்செல்வதையும் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நம் வீடுகளில் நடப்பவை. சன்-யங்குக்குச் சமையல் வராது. ஆனாலும் சன்-வூ ஒரு பருக்கை விடாமல் உண்கிறான். தந்தை இருந்த இடத்தில் தான் இருக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளை தனக்குள் எடுத்த முடிவு அது. அதனால்தான் தாய் மீண்டும் ஒருவரை நாடுவதை அவனால் உடனே ஏற்க முடிவதில்லை. அந்த ஒருவர், கடிகாரமும் நகையும் விற்கும் மூ-சங். மனைவியை இழந்தவர், பேச்சுக் குறைந்தவர், சன்-யங்கின் ஊர்க்காரர். அவருடைய மகன் தேக், கறுப்பு வெள்ளைக் காய்களைப் பலகையில் வைத்து ஆடும் படுக் ஆட்டத்தில் நாடறிந்தவன். தாயை எப்போது அதிகம் நினைப்பாய் என்று நண்பர்கள் கேட்கும்போது அவன் தரும் ஒற்றைச் சொல் விடை, ஒவ்வொரு நாளும் என்பது. தேக்கைப் பற்றித் தொடர் சொல்லும் மற்ற எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

சன்-வூவும் போராவும் மணமுடிக்க விரும்பும்போது எழும் தடையை எங்கள் வாசகர்கள் சிலர் விளங்காமல் கடந்திருக்கலாம். இருவருக்கும் ஒரே குலப்பெயர், ஒரே பூர்வீகம். அப்படிப்பட்டவர்கள் மணமுடிப்பதைக் கொரியச் சட்டமே அக்காலத்தில் தடுத்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் 1997 ஆம் ஆண்டில்தான் அந்தத் தடை செல்லாது என்று தீர்த்தது. கோத்திரம் பார்ப்பவர்களுக்கு இதன் பாரம் உடனே விளங்கும். நாங்கள் மச்சான் மச்சாள் முறை பார்த்து உறவுக்குள்ளேயே கொடுப்பவர்கள்; அவர்களோ எத்தனை தலைமுறை விலகியிருந்தாலும் ஒரே குலம் என்றால் கூடாது என்பவர்கள். அம்மாவுக்கு இது வியப்பாக இருந்தது. இரத்த உறவே இல்லாத இரண்டு பிள்ளைகளை ஏன் வதைக்கிறார்கள் என்று அவர் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது பிள்ளை டாங்-ரியோங்கின் குடும்பத்தைத் தொடர் அவசரமாகவே கடக்கிறது. தந்தை நண்பர்கள் படிக்கும் அதே பாடசாலையில் ஒழுக்கப் பொறுப்பாசிரியர், தாய் காப்புறுதி விற்பதில் சூரி. கைச்செலவுக் காசு தாராளம், வீட்டில் சூடான சாப்பாடு இல்லை. எல்லோருக்கும் புத்தி சொல்லும் அந்தப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு காட்சிகள் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

வேறு குறைகளும் உண்டு. ஒவ்வொரு பகுதியும் ஒன்றரை மணிநேர அளவுக்கு நீளுகிறது. கணவன் யார் என்ற ஊகத்தை உயிரோடு வைத்திருக்கவே பிற்பாதியில் பல காட்சிகள் இழுக்கப்படுகின்றன. நகைச்சுவைக்குப் பின் ஒலிக்கும் ஆட்டுக்குரல் பத்தாம் பகுதிக்குள் சலித்துவிடுகிறது. எழுத்து மொழிபெயர்ப்பில் பேச்சுவழக்குகள் முழுவதும் தொலைந்துபோகின்றன. டாங்-இல் தென்மேற்கு ஜியொல்லாப் பேச்சுப் பேசுபவர், சன்-யங்கும் மூ-சங்கும் தென்கிழக்குக் கியோங்சாங் பேச்சுக்காரர். இரண்டு பிரதேசங்களுக்கும் இடையில் நெடுநாள் அரசியற் பகை இருந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சையும் மட்டக்களப்புப் பேச்சையும் ஒரே வழக்கில் எழுதிவைத்தால் எதை இழப்போமோ, அதையே இந்த வரிகளும் இழக்கின்றன. மொழி தெரியாத என் காதுக்கே அந்த ஓசை வேறுபாடு கேட்டது.

கடைசிப் பகுதியில் போராவின் திருமணம். அவள் தந்தைக்கு வாங்கிக் கொடுத்த சப்பாத்து அளவில் பெரிது. சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் முன்பக்கத்தில் கடதாசியைச் சுருட்டித் திணித்துக்கொண்டு நடக்கிறார். சப்பாத்து காலிலிருந்து கழன்றதும் மகள் அந்தக் கடதாசியைக் காண்கிறாள். பிணை நின்ற நண்பனிடம் ஒன்றும் கேட்காதவர், கிழவியிடம் வேண்டாததை வாங்கியவர், மகளிடம் அளவு பிழை என்றும் சொல்லமாட்டார். முதற் பகுதியிலிருந்தே அவரை அறிந்தவர்களுக்கு, அந்தக் கசங்கிய கடதாசிக்கு மேல் அவரைப் பற்றி எதுவும் சொல்லவேண்டியதில்லை.

பிறகு ஒழுங்கை வெறுமையாகிறது. அங்கே மீள்கட்டுமானத்துக்காக ஒவ்வொரு குடும்பமாக விடைபெற்றுப் போகிறார்கள். எங்கள் ஒழுங்கை 1990 ஜூனில், போர் மீண்டும் மூண்டபோது, விடைபெற நேரமில்லாமல் காலியானது. இருபதாம் பகுதி முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, முதற் பகுதியின் கோப்பைக் காட்சியை மறுபடி போடும்படி அம்மா கேட்டார். முதற்கோப்பை எந்த வீட்டிலிருந்து புறப்பட்டது என்று அவர் பார்க்கவேண்டுமாம். போட்டேன், இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்.